உளி முனையில்: கேள்வி – பதில்
அலாஸ்காவின் இரண்டு தொப்பிகள்

அலாஸ்காவின் பழங்குடிகளான டிலிங்கிட் மக்களுக்காகக் கணினியின் துணையோடு ஒரு மரத் தொப்பி செய்யப்பட்டதையும், அதை அவர்கள் தங்கள் புனித உடைமையாகவே ஏற்றுக்கொண்டதையும், அதற்கு முன்பே அருங்காட்சியகத்திலிருந்து திரும்பிய ஓர்கா தொப்பி ஒன்றை அவர்கள் ஸ்கேன் செய்யக் கொடுத்து நகல் எடுத்ததையும் சென்ற இதழில் நான்கே வரியில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் அடுக்காகக் கிடக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் தேர் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மரச்சிற்பம் கற்றுக்கொடுத்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

தலையில் போடும் தொப்பியைப் போய்ச் சிற்பம் என்கிறீர்களே, ஐயா?
(மன்னார்குடி வாசகர்)

தொப்பி என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. வெயிலுக்குப் போடும் தொப்பி அல்ல இது. மரத்தில் குடைந்து செதுக்கிய ஓர்கா திமிங்கிலம், தலைமீது அமர்ந்திருக்கும். உச்சியில் முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்கும். அபலோன் என்ற கடற்சிப்பியின் பளபளக்கும் ஓடு பதித்திருக்கும். எர்மின் என்னும், கீரியைப் போன்ற சிறு விலங்கின் வெண்தோல் தொங்கும். அணிந்தவர் ஆடும்போது தோல் அசையும், சிப்பி ஒளியை வாங்கி வீசும். கண்ணாடிப் பேழைக்குள் அசையாமல் இருக்கும்போது நாம் பார்ப்பது அதன் பாதியைத்தான். உற்சவமூர்த்தி வீதி உலா வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

டிலிங்கிட் மொழியில் இத்தகைய பொருளுக்கு ‘அட்டூ’ என்று பெயர். விலை கொடுத்துப் பெற்ற உடைமை என்று பொருள். அந்த விலை பணமல்ல. பல சமயம் ஒரு மூதாதையின் உயிரே விலை. எங்கோ ஒரு முன்னோர் ஒரு விலங்கால் இறந்திருப்பார், அல்லது ஒரு பனியாற்றின் வாயில் உயிரைக் கொடுத்திருப்பார். அன்றுமுதல் அந்த விலங்கின் உருவமும் அந்த இடத்தின் பெயரும் அதைப் பற்றிய பாட்டும் அந்த வம்சத்துக்கு மட்டுமே உரியவை. தொப்பி அந்த உரிமையின் கண்ணுக்குத் தெரியும் வடிவம். ஒரு தனி மனிதர் அதைக் காத்து வைத்திருப்பார். சொந்தம் கொண்டாட முடியாது.

1904-இல் அருங்காட்சியகம் காசு கொடுத்துத்தானே அந்த ஓர்கா தொப்பியை வாங்கியது? வாங்கிய பொருளை 2005-இல் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?
(திருநெல்வேலி வாசகர்)

மேலே சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஊர்ப் பொதுக் குளத்தை ஒருவர் எழுதிக்கொடுத்துவிட்டால் அது செல்லுமா? 1904-இல் மானிடவியலாளர் ஜான் ஸ்வான்டன், வாஷிங்டனில் அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக அந்தத் தொப்பியைச் சேகரித்தார். அது டக்லவேதி வம்சத்தின் கூட்டு உடைமை. கூட்டு உடைமையைத் தனி ஒருவர் விற்க முடியாது என்பதை அமெரிக்கச் சட்டம் பிற்பாடு ஒப்புக்கொண்டது. ஸ்மித்சோனியனுக்கான சட்டம் 1989-இல் வந்தது. மற்ற அருங்காட்சியகங்களுக்கானது 1990-இல்.

விற்றவர்கள் எந்த நிலைமையில் விற்றார்கள் என்றும் பார்க்க வேண்டும். அந்த வம்சத்தின் ஊர் அங்கூன். 1882-இல் அருகிலிருந்த வணிக நிறுவனத்தின் திமிங்கில வேட்டைப் படகில் ஏற்பட்ட வெடிவிபத்தில் டிலிங்கிட் மருத்துவப் பூசாரி ஒருவர் இறந்தார். அவர்கள் வழக்கப்படி இழப்பீடாக 200 கம்பளிகள் கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படை வந்தது. இழப்பீடு வாங்கித் தரவில்லை, நீங்கள்தான் 400 கம்பளிகள் அபராதம் கட்ட வேண்டும் என்றது. அவ்வளவு திரட்ட முடியவில்லை. அக்டோபர் 26 அன்று பீரங்கிகள் ஊரைத் தரைமட்டமாக்கின. வீடுகள், படகுகள், குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த உணவு எல்லாம் போயின. நீரிலும் கரையிலும் வாழ்ந்து மரத்தைக் கடித்துச் சாய்க்கும் பீவர் என்ற விலங்கின் உருவத்தை முகப்பில் செதுக்கிய ஒரு படகு மட்டும் அன்று வெளியே போயிருந்ததால் தப்பியது. ஊர் அந்தக் குளிர்காலத்தைக் கடக்க அந்தப் படகுதான் உதவியது. அதன் செதுக்கிய முகப்பு பிறகு எங்கோ காணாமல் போய், 1999-இல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றின் கிடங்கில் கிடப்பதை அங்கூன் பெரியவர்களே கண்டு அடையாளம் சொன்னார்கள், ஊருக்குத் திரும்பியது. குண்டு வீசியதற்குக் கடற்படை மன்னிப்புக் கேட்டது 2024 அக்டோபர் 26 அன்று. இடையில் 142 ஆண்டுகள்.

இந்த வரலாற்றுக்குப் பின் 22 ஆண்டுகள் கழித்து நடந்ததுதான் நீங்கள் சொல்லும் அந்த ‘வாங்கல்’. 2005 ஜனவரியில் தொப்பி திரும்பியபோது வம்சத் தலைவர் மார்க் ஜேக்கப்ஸ் ஜூனியர் மரணப் படுக்கையில் இருந்தார். தாமதிக்காமல் கொண்டுபோய் அவரிடம் சேர்த்தார்கள். அதே மாதம் அவர் காலமானார். அவர் கண் மூடுவதற்குள் அது வீட்டுக்கு வந்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நூறு ஆண்டு கழித்துக் கைக்கு வந்த பொருளை மறுபடியும் அதே அருங்காட்சியகத்திடம் ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறார்களே. எப்படி மனம் வந்தது?
(கும்பகோணம் வாசகி)

கொடுக்கச் சொல்லி அருங்காட்சியகம் நச்சரிக்கவில்லை, அம்மா. கேட்டது வம்சம். அடுத்து தலைமைக்கு வந்த எட்வெல் ஜான் ஜூனியரின் விருப்பம் அது. இரண்டு காரணங்கள். ஒன்று, பாதுகாப்பு. 1944-இல் ஹூனா என்ற டிலிங்கிட் ஊர் தீப்பிடித்து எரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் காத்த வம்ச உடைமைகள் சாம்பலாயின. அந்த நினைவு தென்கிழக்கு அலாஸ்கா முழுவதும் இருக்கிறது. தொப்பிக்கு ஏதாவது நேர்ந்தால் அதன் ஒவ்வொரு வளைவும் எங்காவது பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள். இன்னொன்று, வாஷிங்டனில் தங்களைப் பற்றி அறிய வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு நகல் இருக்கட்டும் என்ற பெருந்தன்மை.

வேலை நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒளிக்கதிர் கருவி தொப்பியின் மேற்பரப்பைத் தடவி அளக்கும். அந்தப் புள்ளிகள் சேர்ந்து கணினியில் ஒரு வடிவமாகும். அதைப் படித்து, சுழலும் வெட்டுக்கருவி ஆல்டர் மரத் துண்டைச் செதுக்கியது. பிறகு வண்ணம் தீட்டி, சிப்பி பதித்து, தோல் கட்டியதெல்லாம் மனிதக் கை. இதில் ஒரு நுட்பம் உண்டு: பளபளக்கும் சிப்பியும் மென்மயிரும் இந்தக் கருவிகளுக்கு எப்போதுமே தொல்லை. ஒளி சிதறிவிடும், அளவு தப்பும். ஆகவே இயந்திரம் கைவிடும் இடத்தில்தான் உண்மையான சிப்பியும் உண்மையான தோலும் தேவைப்படுகின்றன.

இப்படிச் செதுக்கும் இயந்திரத்தை நான் முதன்முதலில் அருகில் நின்று பார்த்தது என் பழைய மாணவன் ஒருவனின் பட்டறையில். தேக்குப் பலகையில் யாளி முகம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் தடித்த முனை படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்டிப் போட்டது. பிறகு மெல்லிய முனை மாற்றினான். அது வரிவரியாக ஓடியது. நின்றதும் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். நெருக்கமான சீப்பால் வாரியதுபோல ஒரே திசையில் நுண்ணிய கோடுகள். மரத்தின் நாரோட்டம் வலப்புறம் சாய்ந்திருந்தது. இயந்திரத்தின் கோடு அதைச் சட்டை செய்யாமல் குறுக்கே போயிருந்தது. மேல் இதழின் உட்புறம், கோரைப் பல்லுக்குப் பின்னால், முனை நுழைய முடியாத இடத்தில் மரம் மொத்தையாக நின்றது. மாணவன் கொட்டாப்புளியையும் வளைந்த உளியையும் எடுத்தான். நாலு தட்டு. பல் தனியாக நின்றது. யாளி வாய் திறந்தது. இயந்திரத்தைப் பற்றிய என் பயம் அன்றோடு போயிற்று. அது எதைச் செய்யும், எங்கே நிற்கும் என்று கண்ணால் கண்டுவிட்டேன்.

இயந்திரம் செதுக்கிய நகலில் உயிர் இருக்குமா? அச்சு அசலாக இருந்தால் அதுவும் அட்டூ ஆகிவிடுமா?
(மதுரை வாசகர், இதே கேள்வியை இன்னும் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள்)

எத்தனை அச்சு அசலாக இருந்தாலும் தானாக ஆகாது. ஆக்கினால் ஆகும். இதைப் புரிந்துகொள்ள இரண்டு தொப்பிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

முதல் தொப்பி நாம் பேசிய ஓர்கா. 2012-இல் சிட்கா நகரில் டிலிங்கிட் வம்சங்களின் மாநாடு நடந்தது. அங்கே அசலையும் நகலையும் ஒரே நேரத்தில் அணிந்து ஆடினார்கள். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்! ஆனால் வம்சம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நகல் ஆடலுக்குரிய அணி, அட்டூ அல்ல. அசல் ஊரிலேயே இருக்க, நகல் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறது.

இரண்டாவது, சிட்காவின் கிக்ஸாதி வம்சத்துக்குரிய ஸ்கல்பின் தொப்பி. ஸ்கல்பின் என்பது கடலடியில் வாழும், பெரிய தலையும் முட்களும் கொண்ட மீன். இந்தத் தொப்பி 1884-இல் ஸ்மித்சோனியனுக்குப் போனது. பெரியவர்கள் அதைக் கண்டபோது, சடங்கில் அணிய முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. இங்கே அவர்கள் வேறு வழி எடுத்தார்கள். உடைந்த தொப்பியை அளந்து, கணினியில் உடைவுகளைச் சரிசெய்து முழு வடிவத்தை மீட்டு, புதிய மரத்தில் செதுக்கச் செய்தார்கள். 2019-இல் ஜூனோ நகரில் சடங்கு செய்து, அந்தப் புதிய தொப்பியைப் புனித உடைமையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டுமே கணினி வழி வந்தவைதான். ஒன்று பாட நூலாகவும் மற்றது மூதாதையாகவும் ஆனதற்குக் காரணம் கருவி அல்ல. முதல் வம்சத்துக்கு அசல் கையில் இருந்தது. அதன் நகலுக்கு ‘உயிர்’ தேவைப்படவில்லை. இரண்டாவது வம்சத்துக்கு உடல் உடைந்திருந்தது. உயிரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. முடிவை எடுத்தவர்கள் அவரவர் வம்சத்தார்.

டிலிங்கிட் சமூகம் காகம், கழுகு என்று இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே பாதிக்குள் மரபுப்படி மணம் கிடையாது. பிள்ளைகள் தாயின் பாதியைச் சேர்ந்தவர்கள். நம் பேச்சில் சொன்னால் உன் பாதிக்காரர்கள் பங்காளிகள், எதிர்ப்பாதிக்காரர்கள் சம்பந்திகள். ஒரு வம்சத்தின் அட்டூவை அந்த வம்சத்தானே செதுக்கிக்கொள்ளக் கூடாது. சம்பந்தி வீட்டுக் கைதான் செதுக்க வேண்டும். செதுக்கியதை வம்சம் விருந்து வைத்து, பரிசு கொடுத்து, எல்லார் முன்னிலையிலும் பெற்றுக்கொள்ள வேண்டும். எதிர்ப்பாதியின் சாட்சி இல்லாமல் எந்த மரமும் அட்டூ ஆவதில்லை. என் அப்பா தேர்ச் சட்டத்தில் ஒரு பொம்மையை முடித்தாலும் கண்ணை மட்டும் திறக்காமல் விட்டு வைப்பார். நாள் பார்த்து, ஊரார் கூடிய பிறகுதான் அந்தக் கடைசி உளி இறங்கும். அதுவரை அது பலகை. டிலிங்கிட் வழக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் கண் நினைவுதான் வந்தது.

அப்படியானால் எல்லா அருங்காட்சியகங்களும் அசலை வைத்துக்கொண்டு, முப்பரிமாணக் கோப்பை மட்டும் அந்தந்த மக்களுக்கு அனுப்பிவிடலாமே. இருவருக்கும் நல்லதுதானே?
(கோவை வாசகர், பொறியாளர்)

இல்லை. நீங்கள் நல்ல மனத்தோடு கேட்கிறீர்கள். ஆனால் இந்த யோசனையை நான் முழு மூச்சோடு மறுக்கிறேன். உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருவர் வைத்துக்கொண்டு, தெளிவான ஜெராக்ஸ் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்வீர்களா? ஓர்கா தொப்பி விஷயத்தில் நடந்ததன் வரிசையைப் பாருங்கள். முதலில் அசல் திரும்பியது, பிறகே ஸ்கேன்.

கனடாவின் ஹைஸ்லா மக்கள் இதைவிட அழகாகச் செய்து காட்டினார்கள். ஜிப்ஸ்கோலக்ஸ் என்ற தலைவர் 1872-இல் நிறுத்திய 9 மீட்டர் நினைவுக் கம்பத்தை 1929-இல் வெட்டி ஸ்வீடனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹைஸ்லா மக்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்டபோது, தங்கள் கையாலேயே இரண்டு நகல்கள் செதுக்கினார்கள். ஒன்று கம்பம் நின்ற பழைய இடத்துக்கு. மற்றது ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்துக்கு. 2006-இல் அசல் வீடு வந்தது. நகலை வைத்துக்கொண்டவர் யார் என்று கவனியுங்கள்!

2023-இல் கனடாவின் நிஸ்கா மக்களின் 11 மீட்டர் நினைவுக் கம்பம் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்திலிருந்து திரும்பியது. அதுவும் 1929-இல் போனதுதான். கனடா விமானப்படையின் சரக்கு விமானத்தில் ஏற்றி வந்தார்கள். ஒரு டன் எடையுள்ள பழைய மரத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவர முடியும் என்று இவர்கள் காட்டிவிட்டார்கள். இனி ‘கோப்பு போதும்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

மரமே இல்லாமல், மெய்நிகர் உலகத்துக்குள்ளேயே வேலை செய்யும் பழங்குடிக் கலைஞர்கள் உண்டா?
(சென்னை, கல்லூரி மாணவி)

உண்டு; உங்கள் வயதுக்கும் முன்பிருந்தே. லாரன்ஸ் பால் யுக்ஸ்வெலப்டன் என்ற ஓவியர், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள கோஸ்ட் சேலிஷ் மரபினர். 1992-இல் பான்ஃப் கலை மையத்தின் உதவியோடு ஒரு மெய்நிகர் நீள்வீட்டை உருவாக்கினார். பார்வையாளர் ஒரு கருவிக்குள் கண்ணை வைத்ததும் உள்ளே போவார்; தீ எரியும், முரசு ஒலிக்கும், ஆவி உருவங்கள் நிற்கும். தன் மக்களின் வழிபாட்டு வீடு அந்நியருக்கு எப்படி உணரப்படும் என்பதை அவர் தம் விருப்பப்படி, தாம் திறக்க விரும்பிய அளவுக்கு மட்டும் திறந்தார். அந்தக் காலக் கணினியின் வடிவங்கள் கரடுமுரடாக இருந்திருக்கும். ஆனால் கதவின் சாவி வீட்டுக்காரர் கையில் இருந்தது.

மாண்ட்ரியால் அருகே கானவாகே என்ற மோஹாக் பழங்குடியினரின் ஊரில் பிறந்த கலைஞர் ஸ்கவெனாட்டியையும் தேடிப் பாருங்கள். ஜேசன் எட்வர்ட் லூயிஸுடன் சேர்ந்து 2005-இல் அவர் தொடங்கிய குழு, பழங்குடியினருக்கு இணைய வெளியிலும் ஒரு நிலம் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தில் அவர்களுக்கென்று ஒரு தீவு உண்டு. அங்கேயே அரங்குகளும் ஆடைகளும் பாத்திரங்களும் செய்து, அவற்றை நடிக்கவைத்துப் படம் பிடிக்கிறார்கள். அப்படி எடுத்த ஒரு படத்தில், எதிர்காலத்து மோஹாக் இளைஞன் ஒருவன் தன் மக்களின் கடந்த காலத்துக்குப் பயணம் போகிறான். 1990-இல் மோஹாக் நிலத்தில் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்குவதை எதிர்த்து மூண்ட ஓகா மோதல் அவன் கண்முன் நடக்கிறது. எதிர்காலக் கதைகளில் பழங்குடியினர் இருப்பதே இல்லை, அவர்களைக் கடந்த காலத்திலேயே விட்டுவிடுகிறார்கள் என்ற ஆதங்கத்துக்கு அவர் கண்ட விடை அது.

இணையத்தில் கிடைக்கும் டோட்டம் கம்பங்களின் (வம்சச் சின்னங்கள் செதுக்கிய மரக் கம்பங்கள்) முப்பரிமாணக் கோப்புகளை அச்சிட்டு வண்ணம் பூசி விற்கலாமா? நல்ல வரவேற்பு இருக்கிறது.
(ஈரோடு வாசகர்)

வேண்டாம். அந்த உருவங்கள் அலங்காரம் அல்ல, ஒரு வம்சத்தின் கையெழுத்து. அமெரிக்காவில், பழங்குடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பதே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்களிடம் நல்ல இயந்திரம் இருக்கிறது. உங்களுக்கு உரிய வடிவங்களைச் செய்யுங்கள்.

எங்கள் ஊர் ஐயனார் கோயில் மண்குதிரைகள் மழையில் கரைகின்றன. கைபேசியால் முப்பரிமாணப் பதிவு செய்ய நானும் நண்பர்களும் ஆசைப்படுகிறோம். எப்படித் தொடங்குவது?
(புதுக்கோட்டை மாவட்ட வாசகர்)

மேகம் மூடிய நாளைத் தேர்ந்தெடுங்கள்; உச்சி வெயிலின் நிழல் வடிவத்தைக் கெடுக்கும். குதிரையைச் சுற்றி மூன்று உயரங்களில் நடந்து படமெடுங்கள்: முழங்கால் உயரம், மார்பு உயரம், ஸ்டூல் போட்டுத் தலைக்கு மேல். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் இரண்டு பங்கு மறுபடி தெரிய வேண்டும். ஃப்ளாஷ் கூடாது. அருகே ஓர் அளவுகோலை வையுங்கள், இல்லாவிட்டால் கணினிக்கு அது ஆளுயரக் குதிரையா பொம்மைக் குதிரையா என்று தெரியாது. வயிற்றின் அடிப்பகுதியையும் காதுக்குப் பின்புறத்தையும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அங்கே கூடுதலாகப் பத்துப் படம்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் நாள் வேலை. முதல் நாள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய், குதிரை செய்த வேளார் குடும்பத்தையும் கோயில் பூசாரியையும் பாருங்கள். எதைப் படமெடுக்கலாம், கருவறைக்கு எவ்வளவு அருகே போகலாம், கோப்பு யாரிடம் இருக்க வேண்டும், இணையத்தில் போடலாமா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கரைவதே அதற்கு விதி, புதுக் குதிரை எடுப்போம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், புதுக் குதிரை எடுக்கும் நாளில் மண் பிசையப் போய் நில்லுங்கள். எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள், நானும் வருகிறேன்.